தகவலாளர் பதினேழு

அக்கா சொல்லும் அந்த விஷயத்தை நான் பல வருடங்களாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது, ஏனென்றால் சந்தேகித்துக்கொண்டே அதை ஆய்வேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், அட்டவணைக்குள், விழுக்காட்டோடு. விஷயம் சின்னதுதான். எண்பதாம் வருடம் ஜூன் மாதம், கோவில்பட்டியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, எட்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய என் அக்கா செண்பகவல்லி போகவில்லை. அவளே அப்பாவிடம் போய், எனக்குப் படிப்பு ஏறலப்பா, தம்பி படிக்கட்டும், நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போறேன் என்று சொன்னாளாம். அப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றாராம். மறுநாள் விடியுமுன் தீப்பெட்டித் தொழிற்சாலையின் பஸ் தெருமுனையில் வந்து நின்றபோது அவள் தூக்குவாளியோடு ஏறிவிட்டாளாம். இவ்வளவுதான். இதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். கல்யாண வீடுகளில், என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, எனக்கு வேலை நிரந்தரமானபோது, எல்லாச் சமயத்திலும் சொல்லியிருக்கிறாள். அதே வார்த்தைகள், அதே இடத்தில் அதே சிரிப்பு. முப்பது வருடமாக வாத்தியார் வேலை பார்ப்பவனுக்கு ஒன்று தெரியும். எத்தனை தடவை கேட்டாலும் ஒரு சொல் மாறாமல் வருகிற பதில் மனப்பாடம் செய்த பதில். தெரிந்த பையன் தடுமாறுவான், முன்பின்னாகச் சொல்வான், போன தடவை விட்டதை இந்தத் தடவை சேர்ப்பான். மனப்பாடம் செய்தவன்தான் நேராகப் போவான், நடுவில் நிறுத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். அக்காவும் அப்படித்தான், நடுவில் யாராவது குறுக்கிட்டால் ‘எண்பதாம் வருசம் ஜூன் மாசம்’ என்று திரும்பத் தொடங்குவாள். இதெல்லாம் தெரிந்தும் நான் பேனாவை எடுத்து மூன்று என்று குறித்தேன். படிவத்தின் காரணப் பட்டியலில் மூன்று என்றால் படிப்பில் ஆர்வமின்மை.

இப்போது மணி பதினொன்றரை இருக்கும். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கிற தட்டச்சுக் கடையில், ஒரு கால் லேசாக வளைந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் முதல் பஸ் பிடித்து வந்தது கண்ணில் எரிச்சலாக நிற்கிறது. சூடான காகிதத்தின் வாடை, பைண்டிங் பசையின் வாடை. கடையை நடத்துகிற ஜெசிந்தா என் ஆய்வேட்டின் அட்டவணைகளைப் பக்கத்துக்குள் அடக்கிக்கொண்டிருக்கிறாள். மாலை ஐந்து மணிக்குள் ஐந்து பிரதிகளை ஆய்வுப் பிரிவில் கொடுத்தாக வேண்டும். இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது, கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருடம் ரத்து. ஆறு வருடம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போது அது பெரிதாகவும் தெரியவில்லை, சிறிதாகவும் தெரியவில்லை, ஊர் பெயர் அழிந்துபோன மைல்கல் மாதிரி இருக்கிறது. ஐம்பத்து நான்கு வயதில் மாணவனாக இருப்பதில் ஒரு களைப்பு இருக்கிறது. உடம்புக் களைப்பு இல்லை. காலையில் முப்பத்தெட்டு பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டுவிட்டு, சாயங்காலம் என்னைவிடப் பதினோரு வயது இளையவரான நெறியாளர் முன்னால் என் வீட்டுப்பாடம் ஏன் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்பது. என் நெறியாளர் இன்பராஜ் நல்ல மனிதர். என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவார். கோமதிநாயகம் சார், உட்காருங்க சார், இந்த அத்தியாயம் தேறாது சார். அவர்தான் எனக்கு ஆய்வு எழுதுகிற முறையைக் கற்றுக்கொடுத்தார். நோக்கம் ஐந்து என்றால் முடிவும் ஐந்து இருக்கவேண்டும் சார், நாலும் ஆகாது, ஆறும் ஆகாது. முடிவை எழுதிவிட்டு நோக்கத்தைத் திருத்திக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் படிக்கிறவனுக்கு நோக்கம் முதலில் இருந்த மாதிரி தெரியவேண்டும். அன்றைக்கு நான் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் என் வாழ்க்கையை அப்படித்தானே எழுதிவைத்திருக்கிறேன் என்று தோன்றியது. வாத்தியாரான பிறகு, வாத்தியாராவதுதான் சின்ன வயதிலிருந்து என் இலட்சியம் என்று எத்தனை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் எனக்கு ஒரு இலட்சியமும் இருந்ததாக ஞாபகம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தால் போதும் என்றுதான் இருந்தது.

ஆய்வின் தலைப்பு நீளமானது, சுருக்கிச் சொன்னால், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தீப்பெட்டித் தொழில் நடந்த ஊர்களில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைவிட்டு ஏன் நின்றார்கள் என்பது. அறுபத்திரண்டு பெண்களைப் பார்த்தேன். இப்போது எல்லோருக்கும் ஐம்பது, அறுபது வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், முப்பத்திரண்டு கேள்விகள் உள்ள படிவத்தை விரித்து, ஏன் நின்றீர்கள் என்று ஒன்பது விதமாகக் கேட்டேன். அவர்கள் வெட்கப்பட்டார்கள், சிலர் கோபப்பட்டார்கள், ஒருத்தி இப்ப சேத்துக்கிடுவாகளா சார் என்று கேட்டுவிட்டுத் தன் பேத்தியைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஆனால் முப்பத்தெட்டு பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். படிப்பு ஏறல. சிலர் மண்டையில் ஏறல என்றார்கள், சிலர் எனக்கு எங்க ஏறுச்சு என்றார்கள், ஆனாலும் அதே வாக்கியம்தான். முப்பத்தெட்டு என்றால் அறுபத்தொன்று புள்ளி மூன்று விழுக்காடு. இன்பராஜ் அந்த எண்ணைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வறுமைதான் காரணம் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள் சார், நீங்கள் புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறீர்கள். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவன் என்கிற சந்தோஷம். அது எவ்வளவு அசிங்கமான சந்தோஷம் என்று புரிய இரண்டு வருடம் ஆனது. அதுவும் சட்டென்று புரியவில்லை, ஈரம் ஏறுவதுபோல ஏறியது. நானும் அக்காவும் படித்த பழைய நடுநிலைப் பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கப் போயிருந்தேன். ஓரம் செல்லரித்த பெரிய புத்தகம். நின்ற தேதி, நின்ற வகுப்பு, காரணம் என்று கட்டங்கள். காரணம் என்கிற கட்டத்தில் பக்கத்தின் மேலே ஒரு பெண்பிள்ளையின் பெயருக்கு நேரே அழகான கையெழுத்தில் ‘படிப்பில் ஆர்வமின்மை’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே மேற்படி. அதற்குக் கீழே மேற்படி. மேற்படி, மேற்படி, மேற்படி. நான்காவதோ ஐந்தாவதோ மேற்படி என் அக்கா. எழுதியவருக்குக் கை வலித்திருக்கும், பாவம், ஜூன் மாதத்தில் எத்தனை வேலை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து கணினியில் என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதல் பெண்ணுக்கு நேரே மூன்று என்று அடித்துவிட்டு, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்திருந்தேன், ஒரே மாதிரிப் பதில்களை முதலிலேயே ஒன்றாக அடுக்கி வைத்திருந்ததால் அது சுலபமாக இருந்தது. மூன்று மூன்று மூன்று என்று முப்பத்தெட்டு கட்டங்கள் ஒரே இழுப்பில் நிரம்பியிருந்தன. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் செய்ததையே நான் மின்சாரத்தில் செய்திருந்தேன்.

சார், அஞ்சு புள்ளி நாலு அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடுது, எழுத்தைச் சின்னதாக்கவா என்று ஜெசிந்தா கேட்கிறாள். ஆக்கும்மா என்கிறேன். எழுத்து சின்னதாகிறது, எண்கள் நெருங்கி உட்காருகின்றன. அக்காவை நான் அவ்வளவு ஆரம்பத்தில் போய்ப் பார்த்திருக்கக்கூடாது. சொந்தக்காரர்களைத் தகவலாளர்களாக எடுக்கலாமா என்று நெறியாளரிடம் கேட்கவும் இல்லை. பதினாறு பேரை முடித்திருந்தேன், அன்றைக்கு மழை, வெளியே போக முடியவில்லை, அக்கா வீட்டில் இருந்தேன். நீயும் எட்டாவதுல நின்னவதானேக்கா, வா, உன்னையும் கேட்டுப்புடுறேன் என்றேன் விளையாட்டாக. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒப்புதல் படிவத்தைக் கையில் வாங்கினாள். அறுபத்திரண்டு பேரில் கையெழுத்துப் போடுமுன் அதை முழுக்கப் படித்தது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எங்கய்யா போடணும் என்று கேட்டுப் போட்டார்கள். அவள் விரலை வரிமேல் வைக்காமல் படித்தாள். பிறகு கேள்வித்தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்பதாவதும் பதினாலாவதும் ஒரே கேள்வியாட்டுல்ல இருக்கு என்றாள். இல்லக்கா, அது வேற, பதில் ஒத்துப்போகுதான்னு பாக்குறதுக்கு என்று விளக்கினேன். ஓ, பொய் சொல்றோமான்னு பாக்கியா என்று சிரித்தாள். அது உண்மைதான், அதற்காகத்தான் அந்தக் கேள்வி. இன்பராஜும் இரண்டு நிபுணர்களும் பார்த்து ஒப்புதல் கொடுத்த படிவத்தில் இரண்டும் ஒரே கேள்வி என்பதை அவர்கள் யாரும் சொல்லவில்லை. அப்புறம் அவள் நேராக உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, எனக்குப் படிப்பு ஏறலய்யா என்று ஆரம்பித்தாள். எண்பதாம் வருசம் ஜூன் மாசம். நான் எழுதினேன். எதிரில் இருப்பவள் பத்து நிமிடத்துக்கு முன் என்ன செய்தாள் என்பதைப் பார்த்த கண்ணும், அவள் சொல்வதை எழுதிய கையும் ஒரே உடம்பில்தான் இருந்தன. எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். உறுத்தியது. ஆனால் ஆய்வில் தகவலாளர் சொல்வதைத்தான் எழுதவேண்டும், ஆய்வாளன் தன் அபிப்பிராயத்தை நுழைக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. ஒரு விதி கைவசம் இருந்தால் உறுத்தல் சீக்கிரம் அடங்கிவிடும்.

ஆறாவது அத்தியாயம் பரிந்துரைகள். ஆர்வமின்மைதான் முதல் காரணம் என்றால் பரிந்துரையும் அதற்கேற்றாற்போலத்தானே இருக்கவேண்டும். முதல் பரிந்துரை, பெண்பிள்ளைகளுக்கு இலக்கு நிர்ணயப் பயிற்சி. இதை எழுதிவிட்டுச் சும்மா இருக்காமல் என் ஒன்பதாம் வகுப்பில் செய்தும் பார்த்தேன், பரிந்துரைக்கு வலு சேரும் என்று. ஆளுக்கு ஒரு வண்ண அட்டை கொடுத்து இலக்கை எழுதச் சொல்லி வகுப்பறையில் நூல் கட்டித் தொங்கவிட்டோம். கலெக்டர், டாக்டர், கலெக்டர், ராணுவம், கலெக்டர். இசக்கி என்று ஒரு பெண், கடைசி பெஞ்ச், அதிகம் பேசாது, அதன் அட்டையில் ‘பத்தாவது எழுதணும்’ என்று இருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது இலக்கு இல்லம்மா, பத்தாவது எல்லாரும் எழுதுறதுதான், இன்னும் பெருசா யோசி என்றேன். அது என்னைப் பார்த்தது. என்ன பார்வை என்று இன்றுவரை எனக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை, கோபம் இல்லை, ஒரு பெரிய ஆளிடம் சின்ன விஷயத்தை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற மாதிரி. பிறகு அழிரப்பரை எடுத்து அழித்துவிட்டுக் கலெக்டர் என்று எழுதியது. அழித்த இடத்தில் பழைய எழுத்தின் பள்ளம் தெரிந்தது. அடுத்த ஜூனில் அது வரவில்லை. இரண்டு தடவை வீட்டுக்கு ஆள் அனுப்பினேன், ஒரு தடவை நானே போனேன், பூட்டியிருந்தது, திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். கணினியில் மாணவர் விவரத்தை முடிக்கும்போது காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பட்டியலில் இருந்த எதுவும் பொருந்தவில்லை, எதையாவது தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் போகமுடியாது. எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அட்டையை நான் எடுக்காமலே விட்டேன், வெள்ளையடிக்க வந்தவர்கள் நூலோடு அறுத்துப் போட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் பெரிய இலக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த அறையில் நடக்கக்கூடிய ஒரே ஒரு இலக்கை எழுதிய பிள்ளையை நான் அழிக்கவைத்தேன். இதையெல்லாம் ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்தில் எழுதுவது. அதற்கு எந்த நோக்கமும் இல்லையே.

தண்ணீர் பாட்டில் காலி. வெளியே போய் வாங்கலாம், ஆனால் எழுந்தால் வேறு எதையாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வேன், நிறுத்தச் சொல்வேன், அல்லது அந்த முப்பத்தெட்டையும் எடுத்துவிடச் சொல்வேன். முப்பத்தெட்டை எடுத்தால் ஐந்தாம் அத்தியாயம் இல்லை, ஐந்து இல்லாவிட்டால் ஆறு இல்லை. அக்காவை மட்டும் எடுத்துவிட்டு அறுபத்தொன்று பேர் என்று மாற்றலாம். முப்பத்தேழு, அறுபது புள்ளி ஏழு விழுக்காடு. மனது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது, வெட்கமில்லாமல். ஆனால் அக்கா சொன்னது மனப்பாடம் என்றால் மற்ற முப்பத்தேழு பேருக்கும் அதே மனப்பாடம் எங்கிருந்து வந்தது. எல்லோரும் வேறு வேறு ஊர், வேறு வேறு தெரு, ஒருத்தியை ஒருத்திக்குத் தெரியாது. இங்கே வந்துதான் யோசனை ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறது, சட்டைக் கை கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுவதுபோல. மாட்டிக்கொண்டதும் அந்தச் சாயங்காலம் வந்துவிடுகிறது. எனக்கு ஒன்பது வயது. அப்பா கடலைமிட்டாய்க் கடையில் பாகு காய்ச்சுகிறவர், சாயங்காலம் வரும்போது அவர்மேல் வெல்லவாசம் அடிக்கும், சுட்ட விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவார். படிங்க கேப்போம் என்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கேட்கப் பிடிக்கும். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தை ஒப்பிப்பாள், ராஜாக்கள், வருடங்கள், போர்கள். ஒரு இடத்தில் அவள் நின்றாள். அடுத்த வரியை நான் சொன்னேன். தினமும் அவள் படிப்பதைக் கேட்டுக்கேட்டு எனக்கு அது பாடமாகியிருந்தது, அர்த்தம் தெரியாது, கிளி மாதிரி. மிச்சத்தையும் கடைசிவரை சொல்லி முடித்தேன். அப்பா வாய்விட்டுச் சிரித்து என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். நாலாப்புப் படிக்கிறவன் ஏழாப்புப் பாடத்தைச் சொல்றான் பாரு என்று அம்மாவைக் கூப்பிட்டார். அப்போதுதான் யாரோ அந்த வார்த்தையைச் சொன்னார்கள். அக்காவுக்கு ஏறல என்று. அப்பாவாக இருக்கலாம். அம்மாவாக இருக்கலாம். ஆனால் எனக்குக் காதில் கேட்பது ஒரு சின்னக் குரல், மடியில் உட்கார்ந்திருக்கிறவனின் குரல், வெல்லவாசத்துக்கு நடுவிலிருந்து கால்களை ஆட்டிக்கொண்டு பாட்டு மாதிரி இழுத்துச் சொல்கிற குரல். அது என் குரல்தானா, அல்லது நாற்பது வருடம் வாத்தியார்களோடு இருந்து இருந்து நான் பிற்பாடு ஒட்டிவைத்த குரலா, தெரியவில்லை. அக்கா ஏன் அந்த இடத்தில் நின்றாள் என்பதும் தெரியவில்லை. மறந்துபோயிருக்கலாம். பால் பொங்கியிருக்கலாம். நான் சொல்லட்டும் என்றே விட்டிருக்கலாம், நான் உதட்டை அசைத்துக்கொண்டு காத்திருந்ததை அவள் பார்த்திருப்பாள், அவள் எல்லாவற்றையும் பார்க்கிறவள். அந்தச் சாயங்காலத்துக்கும் ஜூன் மாதத்துக்கும் நடுவில் ஒரு கோடை இருந்தது. அந்தக் கோடையில் என்ன பேசினார்கள், யார் பேசினார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது, நான் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன்.

நன்றியுரை இன்னும் தரலையே சார், அது மட்டும்தான் பாக்கி என்று ஜெசிந்தா திரும்பினாள். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அடித்துக்கொண்டே பேசினாள். போன வருடம் ஒரு மேடம் மாமியாருக்கு முதல் நன்றி போட்டார்களாம், மறுநாளே ஓடிவந்து அதை எடுக்கச் சொன்னார்களாம், பைண்டிங் முடிந்துவிட்டது மேடம், இனி நீங்கதான் சமாதானமாப் போகணும் என்று சொல்லி அனுப்பினாளாம். சிரித்தேன், சிரிக்கவேண்டும் என்பதற்காக. அவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்து ஓரிடத்தில் மெதுவாயின. நான் எழுதியிருந்தது இதுதான்: ‘தன் படிப்பை விட்டுக்கொடுத்து என்னைப் படிக்கவைத்த என் தமக்கையார் அவர்களுக்கு இந்த ஆய்வேடு கடமைப்பட்டுள்ளது.’ ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் எல்லா மேடையிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், கை தட்டியிருக்கிறார்கள். ஜெசிந்தா முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு திரையையே பார்த்தாள். ஆறு மாதமாக என் ஆய்வேட்டை அடிக்கிறாள், என் நெறியாளர் படித்ததைவிட அவள் அதிகம் படித்திருக்கிறாள்.

“சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. பின்னிணைப்புல பதினேழாம் நம்பர் அம்மா, எட்டாவதுல நின்னவங்க, தம்பி பட்டதாரி ஆசிரியர்னு போட்டிருக்கே. அவங்களா இவங்க?”

இல்லம்மா, அது வேற ஆளு என்றேன். அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஆனால் விரல்கள் உடனே ஓடவில்லை. நான் சொன்ன பொய் மேசைமேல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஒரே புத்தகம். ஆரம்பத்தில் ஒருத்தி படிப்பை விட்டுக்கொடுத்தாள் என்கிறேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அவளுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்கிறேன். ஆர்வமில்லாததை ஒருத்தி எப்படி விட்டுக்கொடுக்கமுடியும். இரண்டில் ஒன்று பொய், அல்லது இரண்டுமே எனக்குச் சௌகரியமானவை. மேடைக்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று. ஜெசிந்தா, கொஞ்சம் நில்லும்மா, பிரிண்ட் போடாத என்றேன். மணி ஒன்றேகால் சார், அஞ்சு காப்பி, பைண்டிங் மட்டும் ரெண்டு மணி நேரம் என்றாள். தெரியும் என்றேன். தெரியும்மா, ஒரு போன் பேசிட்டு வந்துர்றேன். அவள் திரையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பொறுமையானவள். அல்லது என்னைப்போல எத்தனையோ பேரைப் பார்த்தவள்.

வாசலில், விளம்பரப் பலகையின் நிழலில் நின்றேன். கையில் போன். என்ன கேட்பது. உனக்கு நிஜமாவே படிப்பு ஏறலையாக்கா என்று கேட்டால் எண்பதாம் வருசம் ஜூன் மாசம் என்றுதான் வரும். எனக்காகத்தான் நின்னியா என்று கேட்டால் சிரிப்பாள், போடா பைத்தியக்காரா என்பாள், அந்தச் சிரிப்பில் நான் இன்னொரு நாற்பது வருடம் ஒளிந்துகொள்ளலாம். அறுபத்திரண்டு பேரிடம் முப்பத்திரண்டு கேள்வி கேட்டவனுக்குத் தன் அக்காவிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கவில்லை. ஒரு நகரப் பேருந்து வந்து நின்றது, இறங்கிய மாணவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒரு பெண் தோழியிடம் அசைன்மென்ட்டை நாளைக்குத் தரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு போனாள். அழைப்பைப் போட்டேன். இரண்டு தடவை மணி அடிக்குமுன்பே எடுத்துவிட்டாள், போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள்.

“என்னய்யா, குடுத்துட்டியா?”

இன்னும் இல்லக்கா என்றேன். சாப்பிட்டியா என்று கேட்டாள், இல்லை என்றதும் ஐம்பத்து நாலு வயதில் இன்னும் யார் ஊட்டிவிட வேண்டும் என்று திட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாமியாருக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம், இந்தப் புதுப் படிவத்தில் ஒரே விவரத்தை மூணு இடத்தில் கேட்கிறான், உன்னை மாதிரி ஒருத்தன்தான் தயாரிச்சிருப்பான் என்றாள். உன் பேரை நன்றியில போட்டிருக்கேங்க்கா என்று சொன்னேன். எதுக்கு அதெல்லாம் என்றாள். சற்றுப் பொறுத்து, இனிஷியலோட போட்டியா என்று கேட்டாள். பேரையே போடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தமக்கையார் அவர்கள் என்றுதான் எழுதியிருந்தேன். நன்றியில் தமக்கையார், அட்டவணையில் பதினேழு. என்னய்யா சத்தமே இல்ல, எதுவும் பிரச்சினையா, வாங்க மாட்டேன்னுட்டாங்களா என்று அவள் குரல் பதறியது. எனக்கு ஒரு கஷ்டம் என்றால் அவள் குரல் இப்போதும் அப்படித்தான் ஆகும், அடுப்பை விட்டு எழுந்து வருகிற குரல். இல்லக்கா, ஒரு கேள்வி விட்டுப்போச்சு, படிவத்துல இல்லாத கேள்வி என்றேன். கேளேன், அதுக்கென்ன என்றாள். பின்னால் பக்கத்து வீட்டுப் பெண் எதையோ கேட்க, இருடி, தம்பி பேசுறான் என்று அடக்கினாள். நான் கேட்கப்போகிற கேள்விக்கு அவள் ஒரு பெயர் சொன்னால் அந்தப் பெயர் யாருடையதாக இருந்தாலும் நான் உள்ளே போய் அந்த அட்டவணையை அப்படியே அச்சடிக்க முடியாது என்று தெரிந்தது. அது என் பெயராக இருந்தால் அதற்குப் பிறகு என்ன முடியும் என்பதே தெரியவில்லை. தெரியாமலே கேட்டேன்.

“அக்கா, உனக்குப் படிப்பு ஏறலன்னு உங்கிட்ட முதல்ல சொன்னது யாரு?”